பிள்ளைக்கு அளவான இருக்கை

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு உரைத்தொடரில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இந்த உரைத்தொடரில் எனக்கு முன்னர் பேசியவர்கள் பெரிய விடயங்களை எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொண்ட விடயத்தின் உயரம் 26 சென்ரிமீற்றர். நாலு வயதுப் பிள்ளை ஒன்று கால் நிலத்தில் படும்படி இருப்பதற்கு வேண்டிய உயரம் அது. வீட்டிலேயே, வீட்டு ஆட்கள் எல்லோரும் சேர்ந்து, பிள்ளைகளுக்கான தளபாடங்களைச் செய்து வர்ணம் பூசுவது பற்றித்தான் பேசப்போகிறேன். முன்பள்ளி ஆசிரியைகளைப் பயிற்றுவிக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவள் என்பதால் இந்த விடயத்தில் எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கள் அம்மம்மாமாரின் குசினியை நினைத்துப் பாருங்கள். அடுப்பு நிலத்தில். அம்மி நிலத்தில். ஆட்டுக்கல் நிலத்தில். தேங்காய் துருவும் திருவலை ஒரு சாண் உயரம். பலகைக்கட்டையில் இருந்து மரக்கறி வெட்டுவார்கள். சாப்பாடும் பாயில் இருந்துதான். அந்தக் குசினியில் வேலை செய்யும் பெரியவர்களும் விளையாடும் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தார்கள். பிள்ளை கையை நீட்டினால் வெங்காயம் எட்டும், உரித்துப் பார்க்கும், கண் எரிந்து அழும், அடுத்த நாளும் வரும். வேலை பழகியது அப்படித்தான்.

பிறகு வீடு மேலே எழும்பிவிட்டது. குசினி மேடை 85 அல்லது 90 சென்ரிமீற்றர். சாப்பாட்டு மேசை 75. கதிரை 45. முழங்காலுக்கும் முதுகுக்கும் அது பெரிய ஆறுதல். பழைய குசினிக்குத் திரும்புவோம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பெரியவர்கள் எல்லோரும் ஒருநாள் எழும்பி நின்றுகொண்டபோது, பிள்ளை மட்டும் கீழே தனித்துப்போனது. இன்று நாலு வயதுப் பிள்ளைக்குத் தன் வீட்டில் எதுவும் எட்டாது. தண்ணீர் குடிக்க ஒருவரைக் கூப்பிட வேண்டும். படம் கீறுவதென்றால் பெரிய கதிரையில் தூக்கி இருத்த வேண்டும். அங்கே கால் தொங்கும், மேசை நெஞ்சுக்கு மேலே நிற்கும். ஐந்து நிமிடத்தில் இறங்கி ஓடிவிடும். “இவனுக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது” என்று நாங்கள் முறைப்படுவோம். ஒரு மணித்தியாலம் கால் தொங்கவிட்டு இருந்து பார்த்தால் எங்களுக்கும் இருக்கத் தெரியாது.

இதை முதலில் பெரிய அளவில் கவனித்தவர் மரியா மொன்ரிசோரி என்ற இத்தாலிய மருத்துவர். 1907 ஜனவரி 6ஆம் திகதி உரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் அவர் சிறுவர் இல்லத்தைத் திறந்தார். நிலத்தோடு பொருத்திய கனத்த வாங்குகளை விட்டுவிட்டு, பிள்ளைகளின் அளவுக்குச் சின்ன மேசைகளையும் கதிரைகளையும் செய்வித்தார். பிள்ளை தானே தூக்கிக்கொண்டு போகக்கூடிய பாரத்தில் அவை இருக்க வேண்டும் என்பதில் அவர் கவனமாக இருந்தார். கதிரை தட்டுப்பட்டு விழுந்தால் சத்தம் கேட்கும். அந்தச் சத்தமே பிள்ளைக்கு நிதானத்தைப் பழக்கும் என்பது அவருடைய எண்ணம். 1939இல் இந்தியாவுக்கு வந்தவர் உலகப் போர் காரணமாக அங்கேயே பல வருடங்கள் தங்க நேர்ந்தது. 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தினார். இன்றும் எங்கள் ஊர்களில் “பிள்ளை மொன்ரிசோரிக்குப் போகுது” என்று சொல்கிறோம். ஒரு பெண்ணின் பெயர் பள்ளிக்கூடத்தின் பெயராகவே ஆகிவிட்டது. அங்கே காலை மூன்று மணித்தியாலம் தன் அளவான கதிரையில் இருந்த பிள்ளை, மத்தியானம் தன் வீட்டுக்கு வந்ததும் இடமில்லாமல் நிற்கிறது. அந்த இடத்தைக் கொடுப்பதற்குத்தான் நான் தச்சுவேலை பற்றிப் பேசுகிறேன்.

“தச்சுவேலையா? அதெல்லாம் எங்களுக்கு எங்கே தெரியும்?” என்று முன்வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. உண்மைதான். நாங்கள் படித்த காலத்தில் ஆண்பிள்ளைகளின் பாடசாலையில் மரவேலை, எங்களுக்குத் தையலும் மனையியலும். ஆனால் தையற் பாடத்தில் என்ன படித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். ஆளை நிறுத்தி அளவெடுத்தோம். அந்த அளவைத் தாளில் கீறினோம். தாளை வெட்டித் துணியில் வைத்து, துணி வீணாகாமல் அடுக்கினோம். தையலுக்கு இடம் விட்டு வெட்டினோம். முதலில் நூலோட்டிப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தில் கொடுத்தோம். வளரும் பிள்ளைக்கு என்று சட்டையின் அடியில் அகலமாக மடித்து அடித்தோம். சகோதரிகளே, தச்சுவேலையின் அரைவாசி இதுதான். மற்ற அரைவாசி வாளும் திருகாணியும். அது ஒரு கிழமையில் கை வந்துவிடும்.

ஆகவே அளவில் இருந்தே தொடங்குவோம். பிள்ளையைச் செருப்பில்லாமல் ஒரு பெட்டியில் இருத்தி, பாதம் நிலத்தில் தட்டையாகப் படும்போது, நிலத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளவுநாடாவைப் பிடியுங்கள். அதுதான் இருக்கையின் உயரம். பின்பக்கத்திலிருந்து முழங்கால் மடிப்பு வரை அளந்து, அதில் இரண்டு மூன்று விரல் அகலம் குறைத்தால் இருக்கையின் ஆழம். கையை மடக்கி இருக்கும்போது முழங்கை நிற்கும் உயரம்தான் மேசையின் உயரம். வேண்டுமானால் ஒரு விரல் கூட்டலாம்.

அளவு சரிதானா என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கும் இருக்கிறது. ஐரோப்பாவில் பாடசாலைத் தளபாடங்களுக்கு ஈஎன் 1729 என்று ஒரு தரநியமம் உண்டு. அதன்படி 93 முதல் 116 சென்ரிமீற்றர் வரை உயரமான பிள்ளைக்கு இருக்கை 26, மேசை 46. 108 முதல் 121 வரை உயரமான பிள்ளைக்கு இருக்கை 31, மேசை 53. 119 முதல் 142 வரை என்றால் இருக்கை 35, மேசை 59. ஒரு அளவு முடியும் முன்பே அடுத்த அளவு தொடங்குவதைக் கவனியுங்கள். ஒரே வயதுப் பிள்ளைகள் ஒரே அளவில் இருப்பதில்லை. அதனால்தான் வயதைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்து அளக்கச் சொல்கிறேன்.

26, 31, 35. இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு சின்ன வேலை செய்தோம். கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் மகளின் குடும்பம் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தது. அவளுடைய மகனுக்கு ஐந்து வயது. இங்கே எங்களோடு இருக்கும் மகனின் மகளுக்கு ஏழு. 26 சென்ரிமீற்றர் உயரம், 31 அகலம், 35 நீளம் என்று ஒருபக்கம் திறந்த பெட்டி செய்தால் என்ன ஆகும்? திறந்த பக்கத்தைக் கீழே கவிழ்த்தால் 26 சென்ரிமீற்றர் உயரமான இருக்கை. பக்கவாட்டில் சரித்தால் 31. நிமிர்த்தி வைத்தால் 35. ஒரே பெட்டி மூன்று அளவு. சட்டையின் அடிமடிப்பை அவிழ்த்து இறக்குவது போல, பிள்ளை வளர வளரப் பெட்டியைப் புரட்டினால் போதும். சரித்து வைக்கும்போது உள்ளே கொப்பிகளும் வைக்கலாம்.

வளரும் பிள்ளையோடு வளரும் கதிரை புதிய எண்ணம் அல்ல. 1972இல் நோர்வேயைச் சேர்ந்த பீற்றர் ஒப்ஸ்விக் என்ற வடிவமைப்பாளர், தன் மகன் குழந்தைக் கதிரைக்குப் பெரியவனாகவும் பெரியவர்களின் கதிரைக்குச் சிறியவனாகவும் இருந்ததைக் கண்டு, இருக்கையையும் பாதப் பலகையையும் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு கதிரையை உருவாக்கினார். நோர்வேயில் இருக்கும் எங்கள் தோழிமார் அந்தக் கதிரையைக் கட்டாயம் கண்டிருப்பார்கள். சாப்பாட்டு மேசையில் பிள்ளையும் குடும்பத்தோடு சரிசமமாக இருக்க வேண்டும் என்ற ஒரு தகப்பனின் கவலையில் இருந்து பிறந்த கதிரை அது.

எங்கள் பெட்டிக்கு 15 மில்லிமீற்றர் தடிப்பான ஒட்டுப்பலகை எடுத்தோம். வேப்பம் பலகை நல்லது, பூச்சி கிட்டாது. ஆனால் பிள்ளை தூக்கப் பாரம் கூட. முதிரையும் பாலையும் இன்னும் பாரம். பனை கூரைக்குத்தான் சிறந்தது. அதன் நார் பிள்ளையின் கையில் சிராயாக ஏறும். வெட்டவேண்டிய துண்டுகள் ஐந்து. மேற்பலகை 31க்கு 35, ஒன்று. நீளப் பக்கங்கள் 35க்கு 24.5, இரண்டு. குறுக்குப் பக்கங்கள் 28க்கு 24.5, இரண்டு. பலகையின் தடிப்பைக் கழித்துப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும். மரக்காலையில் இந்த அளவுகளை எழுதிக் கொடுத்தால் இயந்திரத்தில் நேராக வெட்டித் தருவார்கள். வெளிநாடுகளில் மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே பெரிய கட்டடப் பொருள் கடைகள் பலவற்றில் பலகையை அளவுக்கு வெட்டித் தருகிறார்கள். வாள் பிடிக்க இடமில்லை என்பது காரணமாகாது.

வெட்டுவதற்கு முதல் நாள் நான் பழைய பத்திரிகைத் தாளில் ஐந்து துண்டுகளையும் வெட்டி, நிலத்தில் விரித்து, பிள்ளைகளைக் கொண்டு ஒட்டுநாடாவால் ஒட்டுவித்துத் தாள்ப்பெட்டி செய்வித்தேன். எந்தத் துண்டு எதனோடு சேரும் என்று அவர்களுக்கு அப்போதே விளங்கிவிட்டது. அடுத்த நாள் பலகை வந்தபோது, எங்களுக்கு அவர்கள்தான் சொல்லித் தந்தார்கள்.

என் கணவரிடம் அவருடைய தகப்பனாரின் சுத்தியல், உளி, மூலைமட்டம் எல்லாம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தன. இளைப்பாறிய பிறகு பத்திரிகையும் வானொலியுமாக இருந்தவர் அன்று காலை ஐந்து மணிக்கே அந்தப் பெட்டியைத் திறந்து துடைத்துக்கொண்டிருந்தார். வேலை தொடங்கியதும், கை பழகிய வழக்கப்படி சுத்தியலைப் பேரனிடமும், மரத்தைத் தேய்க்கும் அரத்தாளைப் பேத்தியிடமும் நீட்டினார். பேத்தி அரத்தாளை வாங்கவில்லை. கையை நீட்டியபடியே, “அப்பப்பா, நான்தானே மூத்தது?” என்று கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். பிறகு சுத்தியலைக் கொடுத்து, பிடியின் அடியில் எங்கே பிடிக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். இந்தக் கல்லூரி நூறு வருடமாகச் செய்துவரும் வேலையை அந்தக் கேள்வி ஒரு நொடியில் செய்தது. எனவே உங்களிடம் நான் கேட்பது, பிள்ளை கேட்கும் வரை காத்திராதீர்கள். ஆயுதங்களைப் பகிரும்போது பெண்பிள்ளையின் கையிலும் சுத்தியலையும் திருகாணியையும் கொடுங்கள். ஆண்பிள்ளையின் கையில் அரத்தாளையும் துடைக்கும் துணியையும் கொடுங்கள்.

வேலையைப் பகிரும்போது பிள்ளைக்குக் கொடுப்பது உண்மையான வேலையாக இருக்க வேண்டும். ஒரு மூலையில் இருத்தி, வீணாய்ப்போன பலகைத் துண்டில் ஆணி அடிக்கச் சொன்னால், அது விளையாட்டு என்று பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். ஐந்து வயதில் பென்சிலால் அடையாளம் வைக்கலாம், வச்சிரம் பூசலாம், திருகாணிகளை எண்ணிக் கொடுக்கலாம், ஓரங்களைத் தேய்க்கலாம். ஏழு வயதில் பெரியவர் துளைத்த துளையில் திருகாணியை இறுக்கலாம். பத்து வயதில் கை வாளால் மெல்லிய சட்டத்தை அறுக்கலாம். மின்சாரக் கருவி பெரியவர்களின் கையில் மட்டும். அது ஓடும்போது கண்ணாடி எல்லோருக்கும்.

இன்னொன்றையும் கண்டேன். பேரனுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. பேத்திக்கு ஆங்கிலம் பாடப் புத்தகத்தில் இருக்கிற அளவு. முதல் ஒரு கிழமை இரண்டு பிள்ளைகளும் ஆளையாள் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தார்கள். பலகை வந்தபிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. “பிடி”, “விடாதே”, “இன்னும் கொஞ்சம்”, “சரிஞ்சு போகுது”, “ஆணி தா” என்று தொடங்கியது. கையில் பலகை இருக்கும்போது சொல்லும் தேவையாகி விடுகிறது. ஞாயிறு வகுப்பில் அவனுக்கு ஏறாத வினைச்சொற்கள் அந்த விறாந்தையில் மூன்று நாளில் ஏறின. என் மருமகன் அதிகம் பேசாதவர். அவரும் மாமனாரும் மூலைமட்டத்தை வைத்துக்கொண்டு அரை மணித்தியாலம் வாதாடினார்கள். கலியாணமாகி பத்து வருடத்தில் அவ்வளவு நேரம் இருவரும் பேசியதை நான் கண்டதில்லை.

இனி வர்ணத்துக்கு வருவோம். இந்த உரையில் நீங்கள் எதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகள் கதிரையைக் கடிப்பார்கள், மேசையை நக்குவார்கள், பெயின்றை உரித்து வாயில் வைப்பார்கள். பெயின்றில் ஈயம் இருந்தால் அது உடலுக்குள் போகும். வளர்ந்தவர்களைவிடச் சின்னப் பிள்ளைகளின் உடல், வாய்வழியே போகும் ஈயத்தை நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வளரும் மூளையைத் தாக்கும் அந்த உலோகத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை. இலங்கையில் 2013 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் உத்தரவு, சிறுவர் பொருட்களுக்கான பெயின்றில் பத்து இலட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது என்றது. ஆனால் கதவு, யன்னலுக்குப் பூசும் எனாமலுக்கு அதே உத்தரவு 600 பங்கு வரை இடம் கொடுத்தது. ஆகவே வீட்டில் கதவுக்குப் பூசி மிச்சமாய் நிற்கும் பழைய ரின்னைப் பிள்ளையின் கதிரைக்கு எடுக்காதீர்கள். புதிதாக வாங்குங்கள், சிறுவர் தளபாடத்துக்கு உகந்தது, ஈயம் சேர்க்காதது என்று ரின்னில் எழுதியிருக்கிறதா என்று கண்ணாடி போட்டு வாசியுங்கள். பழைய வீட்டுக் கதவுப் பலகையை எடுத்துச் செய்வதும் இதே காரணத்துக்காக ஆபத்து. பழைய பெயின்றைத் தேய்த்தால் எழும்பும் தூசியே நஞ்சு. வெளிநாடுகளில் பொதி ஏற்றும் மரத் தட்டுகளைப் பிரித்து எடுப்பவர்கள் அதில் சுட்டிருக்கும் முத்திரையைப் பாருங்கள். எச்.ரி. என்ற எழுத்துகள் இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது. எம்.பி. என்றிருந்தால் மெதைல் புறோமைட் என்ற நச்சுவாயுவால் பதப்படுத்தியது, அதை விட்டுவிடுங்கள்.

பூசும் முறை கடினமல்ல. கரடுமுரடான அரத்தாளில் தொடங்கி, மென்மையான அரத்தாளில் முடியுங்கள். எப்போதும் மரத்தின் நார் ஓடும் பக்கமாகவே தேயுங்கள். எல்லா மூலைகளையும் ஓரங்களையும் உருட்டிவிடுங்கள். திருகாணித் தலைகளைப் பலகைக்குள் இறக்கிப் பட்டி வைத்து மூடுங்கள். ஈரத் துணியால் தூசியைத் துடைத்துக் காயவிட்டு, அடிப்பூச்சு ஒன்று. காய்ந்தபின் இலேசாகத் தேய்த்து, மேற்பூச்சு மெல்லியதாக இரண்டு. ஒரே முறையில் தடிப்பாகப் பூசினால் வழியும், உரியும். யாழ்ப்பாணத்தில் என்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் வர்ணவேலையைத் தொடங்காதீர்கள். ஈரக் காற்றில் பூச்சு காயாது. தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகப் பூச்சு முற்றாக இறுகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஒன்றிரண்டு கிழமை காற்றாட விட்டுவிட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். அந்த இரண்டு கிழமைதான் முழு வேலையிலும் கஷ்டமானது. பிள்ளைகள் மணித்தியாலத்துக்கு ஒருதரம் போய்ப் பார்ப்பார்கள்.

நிறத்தைப் பிள்ளை தெரிவு செய்யட்டும். எங்கள் பேத்தி மயில்நீலம் கேட்டாள். பேரன் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு நிறம் கேட்டான், கொடுத்தோம். பிறகு பார்த்தால் அவன் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. எந்த நிறம் மேலே இருக்கிறது என்று பார்த்தாலே எந்த உயரத்தில் வைத்திருக்கிறோம் என்று தெரிந்தது. ஒரு சின்ன உபாயம்: பெட்டியின் உட்பக்கத்தை முதலில் பிள்ளைகளிடம் விடுங்கள். அங்கே தூரிகை பழகட்டும். வெளிப்பக்கத்துக்கு வரும்போது கை நிதானப்பட்டிருக்கும். நீங்களும் பின்னால் நின்று “வழியுது, வழியுது” என்று கத்தத் தேவையில்லை. பிள்ளை பூசியதை இரவில் இரகசியமாகத் திருத்திப் பூசாதீர்கள். காலையில் அது கண்டுபிடித்துவிடும்.

எதையும் வீட்டில் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. கைக்குழந்தையின் தொட்டில் கட்டில், உயரமான குழந்தைக் கதிரை, மாடிக் கட்டில் இவற்றைச் செய்யாதீர்கள். கம்பிகளின் இடைவெளி கொஞ்சம் கூடினாலே குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிவிடும். அவற்றுக்கான தரநியமங்கள் குழந்தைகள் இறந்த பிறகு எழுதப்பட்டவை. புத்தக அலுமாரி செய்தால் சுவரோடு திருகாணியால் கட்டுங்கள். பிள்ளைக்குத் தட்டுகள் எல்லாம் ஏணிப்படிகள்தான். மூடியுள்ள விளையாட்டுப் பெட்டி செய்தால், மூடி விரலில் விழாதபடி தாங்கி வையுங்கள், அல்லது மூடியே வைக்காதீர்கள். சின்ன இருக்கை, சின்ன மேசை, புத்தகத் தட்டு, கை கழுவ ஏறும் படி. இந்த நான்கும் ஒரு குடும்பத்துக்குப் போதும்.

கடையில் பிளாஸ்ரிக் கதிரை மலிவாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு ஏன் என்று கேட்பீர்கள். இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974இல், சாதாரணப் பலகையும் ஆணியும் கொண்டு எவரும் செய்யக்கூடிய தளபாடங்களின் வரைபடங்களை வெளியிட்டு, கேட்டவர்களுக்குத் தபாற் செலவுக்கு அனுப்பினார். கதிரை விற்பது அவருடைய நோக்கமல்ல. தன் கையால் ஒன்றைச் செய்து பார்த்தவருக்கு, நல்ல பொருள் எது, ஏமாற்றுப் பொருள் எது என்று விளங்கும் என்பதுதான் அவருடைய கணக்கு. அது பிள்ளைகளுக்கும் பொருந்தும். இப்போது எங்கள் பேத்தி எந்த வீட்டுக்குப் போனாலும் கதிரையைத் தலைகீழாகப் பிரட்டிப் பார்க்கிறாள். தாய்க்கு அது வெட்கம். எனக்கு அது சந்தோஷம். உலகத்தில் உள்ள பொருட்களை ஒருவர் செய்திருக்கிறார், அவை உடைந்தால் ஒருவர் திருத்தலாம், அந்த ஒருவர் தானாகவும் இருக்கலாம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

எங்கள் தலைமுறைக்குத் தளபாடம் என்றால் மனதில் இன்னொரு நினைவும் உண்டு. 1995 ஒக்ரோபர் கடைசியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது, சைக்கிளில் ஏற்றக்கூடியது மட்டுந்தான் எங்களோடு வந்தது. கட்டிலும் அலுமாரியும் தாத்தா காலத்துச் சாய்மனைக் கதிரையும் நின்ற இடத்திலேயே நின்றன. திரும்பி வந்தவர்களில் பலருக்கு அவை கிடைக்கவில்லை. அதனால்தான் எங்களில் சிலர் பொருளில் மனம் வைக்கக்கூடாது என்று நினைக்கிறோம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அகதி முகாம்களில் நான் கண்டது என்னவென்றால், இரண்டு பலகையும் நாலு கல்லும் கிடைத்தவுடன் பிள்ளைகளுக்கு வாங்கு போட்டுப் படிப்பிக்கத் தொடங்கியவர்கள், முன்னர் எதையாவது தங்கள் கையால் செய்து பழகியவர்கள். பொருளை விட்டுவிட்டு வரலாம். பழகிய கை எங்களோடு வரும். பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்து வைப்போம்.

கடைசியாக, சங்கத்திடம் இரண்டு வேண்டுகோள்கள். நூற்றாண்டு நினைவாகக் கல்லூரிக்கு என்ன வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒவ்வொரு கிளையும் யோசித்துக்கொண்டிருக்கிறது. ஆரம்பப் பிரிவுச் சிறுமிகளுக்கு நூறு இருக்கைகளை நாங்களே செய்து கொடுப்போம். காசு அனுப்புவதோடு நிறுத்தாமல், விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்கள் இரண்டு நாள் ஒதுக்கி, பிள்ளைகளோடும் அம்மம்மா, அப்பப்பாமாரோடும் இந்த மண்டபத்து விறாந்தையில் ஆளுக்கொரு பெட்டி செய்யட்டும். பிள்ளையின் அளவை எடுத்து வைக்க ஆரம்பப் பிரிவு ஆசிரியைகள் உதவுவார்கள் என்று நம்புகிறேன். இரண்டாவது, அதிபர் அவர்களிடம்: தையல் அறைக்குப் பக்கத்தில் ஒரு மேசை, ஒரு பிடிகருவி, நாலு வாள், நாலு சுத்தியல் கொண்ட ஒரு மரவேலை மூலையைத் திறந்து தாருங்கள். ஆயுதங்களுக்கு வேண்டிய செலவைக் கிளைகள் பொறுப்பெடுக்கும். தலைவி அவர்கள் தலையசைப்பதை இங்கிருந்தே காண்கிறேன்.

செய்து முடித்த ஒவ்வொரு பெட்டியின் உட்பக்கத்திலும் பென்சிலால் மூன்று விடயங்களை எழுதுங்கள். யாருக்காகச் செய்தது, யார் யார் சேர்ந்து செய்தது, எந்தத் திகதி. எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒன்பது பேரின் பெயர் இருக்கிறது. கடைசிப் பெயரை எழுதியது ஐந்து வயதுக்காரன். தமிழில்தான் எழுதினான், ஒரு எழுத்துத் தலைகீழாக. ஆளுக்கொன்று செய்த பெட்டிகளில் அவனுடையதைக் கொண்டுபோக விமானத்தில் இடமில்லை. அடுத்த ஓகஸ்டுக்குள் அவன் வளர்ந்திருப்பான். 31ஆம் பக்கத்துக்குப் புரட்டி வைத்திருக்கிறோம்.